மூலிகை விதைக்கு எந்த பிரைமிங்? தண்ணீர் முதல் ஜிப்ரெல்லிக் அமிலம் வரை ஓர் ஒப்பீடு

"அமுக்கரா விதையை எதில் ஊற வைக்கலாம்? வெறும் தண்ணீரா, பொட்டாசியம் நைட்ரேட்டா, ஜிப்ரெல்லிக் அமிலமா?" மூலிகை பயிரிடுபவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பதிலுக்கு நான் ஒன்று கேட்பேன்: உங்கள் விதையில் என்ன குறை? மெதுவாக முளைக்கிறதா, சிலது இன்று சிலது பத்து நாள் கழித்து என்று முன்பின்னாக வருகிறதா, முளைக்கவே மாட்டேன் என்கிறதா, முளைத்த பிறகு நாற்று அழுகிச் சாகிறதா? இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. குறையைக் கண்டுபிடிக்காமல் கரைசலைத் தேர்ந்தெடுத்தால், கிடைப்பதற்கரிய விதை வீணாகும். நெல்லுக்கும் சோளத்துக்கும் சான்று விதை மூட்டையாகக் கிடைக்கும். மூலிகைக்கு அப்படியில்லை. பலர் கையில் இருப்பது தாமே சேகரித்த, பல நாள் இடைவெளியில் முதிர்ந்த, ஒரு சீரில்லாத விதைதான். அதனால்தான் இந்தத் தேர்வை நிதானமாகச் செய்யச் சொல்கிறேன்.

விதைக்குள் நடப்பது

உலர்ந்த விதை நீரை மூன்று கட்டமாக எடுத்துக்கொள்கிறது. முதல் கட்டத்தில் காய்ந்த பஞ்சைப் போல வேகமாக உறிஞ்சும். செத்த விதைகூட இதைச் செய்யும். இரண்டாம் கட்டத்தில் எடை ஏறக்குறைய அப்படியே நிற்கும், ஆனால் உள்ளே வேலை மும்முரமாக நடக்கும். பழுதான டிஎன்ஏ சரிசெய்யப்படும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சீராகும், புதிய புரதங்கள் உருவாகும். மூன்றாம் கட்டத்தில் முளைவேர் உறையைக் கிழித்து வெளியே வரும், நீர் உறிஞ்சுவதும் மறுபடி கூடும்.

விதையை இரண்டாம் கட்டத்தில் நிறுத்தி, முளைவேர் வரும் முன் உலர்த்திவிடுவதுதான் பிரைமிங். எல்லா முறைகளும் இதையே செய்கின்றன. அந்த இடத்தில் விதையை எப்படி நிறுத்துகிறோம் என்பதில்தான் வேறுபாடு. முளைவேர் வெளியே வந்துவிட்டால் உலர்வதைத் தாங்கும் சக்தி போய்விடும். நித்தியகல்யாணி விதையை ஈரத்துணியில் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு ஒருமுறை இதைக் கற்றேன். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பாதி விதைகளில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தது. "இவ்வளவுதானே" என்று நிழலில் உலர்த்தி விதைத்தேன். அந்த வெள்ளை முனைகள் பழுப்பாகிச் சுருங்கின, பாத்தியில் பாதி காலியாகக் கிடந்தது.

தேர்வுக்கு முன் வைக்க வேண்டிய அளவுகோல்கள்

விதைக்கு உயிர் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எந்தக் கரைசலும் செத்த விதையை எழுப்பாது. சர்ப்பகந்தாவில் பல விதைகள் உள்ளீடற்ற கூடுகள். உப்புநீரில் போட்டு மிதப்பவற்றை அகற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது விதையின் உடல். நிலாவாரை விதையுறை நீரை உள்ளே விடாது. அதற்கு உரசல்தான் வேண்டும், ஊறல் அல்ல. மணலோடு தேய்த்து உறையைச் சற்றுக் கீறிய பிறகே மற்ற பேச்சு. திருநீற்றுப்பச்சை, இசப்கோல் விதைகளோ நீர் பட்ட நொடியில் சளி கட்டும். நிலவேம்புக்கு அறுவடைக்குப் பிறகு சில மாதங்கள் உறக்கம் உண்டு, அதாவது உயிர் இருந்தும் முளைக்காத நிலை.

பிறகு விதைக்கும் நாள். பிரைமிங் செய்த அன்றே விதைப்பதா, மூட்டை கட்டி வைத்து ஒரு மாதம் கழித்தா? என் அனுபவத்தில் முறையைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்தக் கேள்விதான், ஆனால் யாரும் இதைக் கேட்பதில்லை. கடைசியாக, உங்களிடம் உள்ள கருவிகள், இயற்கை வேளாண் சான்று வேண்டுமா என்பது, நீங்கள் விற்பது வேரா இலையா விதையா என்பது.

| முறை | எந்தக் குறைக்கு | ஊறும் காலம் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| வெறும் நீர் | மெதுவான, முன்பின்னான முளைப்பு | சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை | நேரம் தவறினால் விதை போய்விடும், நோய் பரவும் |
| உப்புக் கரைசல் | முன்பின்னான முளைப்பு, லேசான உறக்கம் | ஏறக்குறைய ஒரு நாள் | உப்பு நச்சு, கழுவும் வேலை |
| பாலிஎத்திலீன் கிளைக்கால் (நீரில் கரையும் பாலிமர்) | சிறிய, விலை மதிப்புள்ள விதையில் சீரின்மை | பல நாட்கள் | காற்றுக் குழாய், வெப்பக் கட்டுப்பாடு, கழிவு |
| ஈர மணல் அல்லது வெர்மிகுலைட் (நீரைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) | சளி கட்டும் விதை, காற்று கிடைக்காமல் கெடும் விதை | ஓரிரு நாள் முதல் ஒரு வாரம் வரை | சல்லடை வேலை, ஈர அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை |
| ஜிப்ரெல்லிக் அமிலம் (தாவர வளர்ச்சி ஹார்மோன்) | உறக்கம் | ஏறக்குறைய ஒரு நாள் | அளவு கூடினால் நெட்டையான, வலுவற்ற நாற்று |
| நுண்ணுயிர் | நாற்றழுகல் | ஊறலுக்குப் பின் ஓரிரு நாள் | ஆயுள் குறைவான பொருள், பூஞ்சைக்கொல்லியோடு சேராது |

வெறும் நீர்

என் கணிப்பில் பத்தில் ஏழு பேர் இதோடு நின்றுவிடலாம். செலவில்லை, எச்சமில்லை, இயற்கைச் சான்றுக்குத் தடையுமில்லை. ஆனால் "ஒரு இரவு ஊற வை" என்ற பொதுவான ஆலோசனையை நம்பாதீர்கள். ஒவ்வொரு பயிருக்கும், அதே பயிரில் ஒவ்வொரு விதைக் குவியலுக்கும் ஒரு பாதுகாப்பு எல்லை உண்டு. அந்த நேரத்துக்குள் எடுத்தால், மேற்கொண்டு நீர் கிடைக்காத வரை விதை முளைக்காமல் நிற்கும். அதைத் தாண்டினால் தானாகவே முளைத்துவிடும்.

எல்லையைக் கண்டுபிடிப்பது எளிது. விதையை ஐம்பது ஐம்பதாகப் பிரித்து 4, 8, 12, 16, 20, 24 மணி நேரம் ஊற வையுங்கள், ஒரு பங்கை ஊற வைக்காமல் விடுங்கள். ஊறியவற்றை எடுத்து மேலீரம் போக நிழலில் பரப்பி, இரண்டு நாள் கவனியுங்கள். எந்தப் பங்கில் வெள்ளை முனை எட்டிப் பார்க்கிறதோ, அதற்கு முந்தைய நேரம் உங்கள் எல்லை. அதிலும் சற்றுக் குறைவாக வைத்துக்கொள்வது என் வழக்கம்.

மூச்சையும் மறக்கக் கூடாது. நீருக்கடியில் குவிந்து கிடக்கும் விதை கரைந்த ஆக்சிஜனை விரைவில் தீர்த்துவிடும். ஆழமான பாத்திரத்தில் விதையை நிரப்பி மூடி வைத்தால் காலையில் புளித்த வாடை வரும். மீன் தொட்டிக்குப் பயன்படுத்தும் சிறிய காற்றுக் குழாய் போதும், இல்லாவிட்டால் அகலமான தட்டில் விதை நனையும் அளவு மட்டும் நீர் விட்டு, நாலைந்து மணிக்கொருமுறை மாற்றுங்கள்.

இங்கே மறைந்திருக்கும் செலவு நோய். ஒரு குவியலில் பத்து விதையில் பூஞ்சை இருந்தால், ஒரே நீரில் ஊறும்போது அது எல்லாவற்றுக்கும் போகும்.

உப்புக் கரைசல்: பொட்டாசியம் நைட்ரேட்

கரைந்த உப்பு விதைக்குள் நீர் போவதை மெதுவாக்கும், கூடவே நைட்ரேட் பல இனங்களில் உறக்கத்தைக் கலைக்கும். விதைப் பரிசோதனை நிலையங்கள் உறக்கம் கலைக்கப் பயன்படுத்தும் அளவு 0.2 சதம், அதாவது லிட்டருக்கு 2 கிராம். பிரைமிங்குக்கு லிட்டருக்கு 10 கிராம் வரை போவதுண்டு. அந்த அளவில் கரைசலின் நீர் ஈர்ப்பு ஏறக்குறைய −0.5 மெகாபாஸ்கல் (அழுத்த அலகு; எண் பூச்சியத்துக்குக் கீழே போகப் போக விதைக்கு நீர் எடுப்பது கடினம்). விதை நீரை எடுக்கும், ஆனால் அவசரமாக அல்ல.

தண்ணீரில் எல்லை மிகக் குறுகலாக இருந்து, "ஆறு மணி நேரத்தில் பாதி, எட்டு மணியில் எல்லாம் முளைத்துவிடுகிறது" என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. தவறுவதற்கு இடம் கொஞ்சம் கூடும். ஆனால் அயனிகள் விதைக்குள் புகும். சில இனங்களுக்கு அது நஞ்சு. முடிந்ததும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் ஆக்சிஜனேற்றி என்பதால் சில நாடுகளில் வாங்குவதற்கே கட்டுப்பாடு உண்டு. இயற்கைச் சான்று வேண்டுபவர்கள், வாங்கும் முன் சான்றளிப்பவரிடம் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

பாலிஎத்திலீன் கிளைக்கால்

ஹைடெக்கர் குழுவினர் 1973-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த முறையைப் பரவலாக்கியது. இதன் மூலக்கூறு பெரிது, செல்லுக்குள் புகாது. அதனால் உப்பின் நஞ்சு இல்லாமல், விதையை இரண்டாம் கட்டத்தில் பல நாட்கள் பிடித்து வைக்கலாம். தாமதமாக வரும் விதைகள் முந்தியவற்றை எட்டிப் பிடிக்க நேரம் கிடைக்கும். சீரான முளைப்புக்கு இதைப் போன்ற முறை குறைவு.

ஆனால் வீட்டுக் கூடத்தில் இதைச் செய்பவர்கள் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன். 6000 மூலக்கூறு எடையுள்ள வகையில் 300 கிராமை ஒரு கிலோ நீரில் கரைத்தால், 25 டிகிரியில் ஏறக்குறைய −1.0 மெகாபாஸ்கல் கிடைக்கும். அதே கரைசல் 15 டிகிரிக்கு வந்தால் −1.2-ஐத் தொடும். பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாறும் அறையில் நீங்கள் கணக்கிட்ட எண்ணுக்கு அர்த்தமில்லை. கரைசல் தேன்போலக் கெட்டியானது, அதில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு, ஆகவே காற்றுக் குழாய் கட்டாயம். வாரக்கணக்கில் வைத்தால் பூஞ்சை வரும். விதையில் ஒட்டிய பசையைக் கழுவ நிறைய நீர் வேண்டும், மீந்த கரைசலை எங்கே ஊற்றுவது என்பதும் உங்கள் பொறுப்பு. வெப்பக் கட்டுப்பாட்டு அறையுள்ள நாற்றுப் பண்ணைகள், கிராமில் விலை பேசும் அரிய விதையைக் குழித்தட்டில் ஒரு குழிக்கு ஒன்றாகப் போடுபவர்கள் இதை எடுக்கலாம். மற்றவர்கள் விட்டுவிடலாம்.

ஈர மணல், வெர்மிகுலைட்

மூலிகைக்காரர்கள் அதிகம் கவனிக்காத முறை இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

திருநீற்றுப்பச்சை விதையை ஒரு கரண்டி நீரில் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் கறுப்பு விதையைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையில் கண்ணாடி போன்ற உறை வீங்கும். ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஒட்டித் தவளை முட்டைக் கொத்துப் போலாகிவிடும். அதை உலர்த்தினால் ஒரே வில்லையாகக் காயும். பிரித்தெடுக்க முயன்றால் விதையுறையும் சேர்ந்து உரியும். அந்தச் சளிக்குள் ஆக்சிஜன் புகுவதும் கடினம். இப்படிப்பட்ட விதைக்கு எந்தத் திரவமும் ஒத்து வராது.

அதற்குப் பதிலாக, ஈரப்படுத்திய மணல் அல்லது வெர்மிகுலைட்டோடு விதையைக் கலந்து மூடி வையுங்கள், தினம் ஒருமுறை கிளறிக் காற்று விடுங்கள். துகள்கள் நீரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகவே விதைக்குத் தரும், சளி முழுதாக வீங்க வழியில்லை. ஈரப்பதம் பார்க்க எளிய வழி: கையில் அள்ளி அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. சளி விதைக்கு இன்னும் சற்று உலர்வாகவே வையுங்கள். துகளின் அளவு விதையின் அளவிலிருந்து நன்றாக வேறுபட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சல்லடையில் இரண்டும் சேர்ந்தே விழும். பிரிக்கவே முடியாமல் போனால், மணலோடு சேர்த்தே பாத்தியில் தூவிவிடலாம். பொடி விதையைச் சீராகத் தூவ எப்படியும் மணல் கலக்கத்தான் போகிறீர்கள்.

ஈர அளவை உங்கள் துகளுக்கு ஏற்ப நீங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பதே இதன் குறை. இரண்டு மூன்று சிறு சோதனைகள் வீணாகும், அதைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். மணலை முன்பே வறுத்து அல்லது ஆவியில் வைத்துத் தூய்மையாக்குவதையும் விடாதீர்கள்.

ஜிப்ரெல்லிக் அமிலம்

உறக்கத்தால் முளைக்காத விதைக்கு மட்டும். உயிருள்ள, நீரை உறிஞ்சுகிற, ஆனால் முளைக்காத விதை உங்களிடம் இருந்தால் இது பெரிய உதவி. உறக்கத்தில் உள்ள அமுக்கரா விதையிலும், புதிதாக அறுத்த நிலவேம்பிலும் இதை முயல்வது நியாயம். நிலவேம்புக்குக் காத்திருக்க முடிந்தால் இன்னும் எளிய வழி உண்டு: உலர்ந்த இடத்தில் சில மாதம் வைத்திருந்தால் உறக்கம் தானே குறையும்.

தூள் நீரில் நேராகக் கரையாது. சில துளி எத்தனாலில் கரைத்துப் பிறகு நீர் சேர்க்க வேண்டும். லிட்டருக்கு 100 மில்லிகிராமில் தொடங்கி, போதாவிட்டால் 200, 500 என்று ஏற்றுங்கள். கரைசலை அன்றன்று தயாரியுங்கள். வைத்திருந்தால் வீரியம் போகும். அளவு கூடினால் நாற்று வெளிர்ந்து, நூல் போல நீண்டு, நடவின்போது சாய்ந்துவிடும். முளைப்பு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வெற்றி போலத் தெரியும், இருபது நாள் கழித்து நாற்றங்காலைப் பார்த்தால் தோல்வி புரியும். உறக்கமில்லாத விதைக்கு இதைத் தருவதால் லாபமில்லை.

நுண்ணுயிர்

முளைப்பு நன்றாக இருந்தும் நாற்று அடித்தண்டில் கறுத்துச் சாய்கிறதென்றால் உங்கள் தேவை இதுதான். விதையை முதலில் தண்ணீரில் எல்லைக்குள் ஊற வைத்து வடித்து, கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) அல்லது 4 கிராம் ட்ரைக்கோடெர்மா (நன்மை செய்யும் பூஞ்சை) டால்க் தூளில் புரட்டி, ஈரச் சாக்கில் மூடி வையுங்கள். பெரிய விதைக்கு இரண்டு நாள் வரை வைப்பார்கள். சிறிய மூலிகை விதைக்கு ஒரு நாளே அதிகம், முளைவேரைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பூஞ்சைக்கொல்லியோ குளோரின் நீரோ பட்டால் வாங்கிய நுண்ணுயிர் செத்துவிடும். வாங்கும்போது காலாவதி நாளைப் பாருங்கள். வெயிலில் கிடந்த பொட்டலத்தில் தூள் இருக்கும், உயிர் இருக்காது.

மகசூல் கூடும், தரம் கூடுமா?

மகசூலைப் பற்றித் தயங்காமல் சொல்கிறேன். பிரைமிங்கால் செடியின் மரபு மாறுவதில்லை, ஆனால் பாத்தியில் இடைவெளி குறையும், எல்லாச் செடியும் ஏறக்குறைய ஒரே நாளில் தொடங்கும். அமுக்கராவில் இடைவெளி விழுந்த இடத்தில் களை ஏறும், எஞ்சிய வேரும் தடிமன் மாறி மாறி வரும். செடி எண்ணிக்கையும் சீரும் கூடினால் மகசூலும் கூடும், அதற்கு மேல் மந்திரம் எதுவும் இல்லை.

தரத்துக்கும் அதே பாதைதான் நம்பகமானது. நிலவேம்பின் முக்கிய மருத்துவக் கூறான ஆண்ட்ரோகிராஃபோலைடு பூக்கத் தொடங்கும் பருவத்தில் உச்சத்தை ஒட்டி இருக்கும். ஒரே வயலில் சில செடி காயாகி, சில செடி இன்னும் மொட்டு விடாமல் நின்றால், எந்த நாளில் அறுத்தாலும் ஒரு பகுதி தவறான பருவத்தில் அறுக்கப்படும். துளசி எண்ணெய்க்கும் நிலாவாரை இலைக்கும் இதே கணக்கு. முளைப்பில் பத்து நாள் வித்தியாசத்தை மூன்று நாளாகக் குறைத்தால், ஆய்வகச் சோதனைக்குப் போகும் மாதிரி சீராக இருக்கும்.

சாலிசிலிக் அமிலம், கைட்டோசான், ஜாஸ்மோனேட் ஆகியவற்றில் ஊற வைத்தால் மருத்துவக் கூறுகள் நேரடியாக ஏறும் என்று விற்பவர்கள் உண்டு. செடியின் தற்காப்பை இவை தூண்டுவது உண்மை. ஆனால் விதையில் கொடுத்த தூண்டல் 150–180 நாள் கழித்து அறுக்கும் அமுக்கரா வேரில் எவ்வளவு எஞ்சும் என்பதை உங்கள் வயலில், உங்கள் மாதிரியை அளந்து காட்டாமல் நான் பணம் போட மாட்டேன். நீங்களும் போட வேண்டாம்.

சேமிப்பு: எல்லா முறைக்கும் பொதுவான விலை

பிரைமிங் செய்த விதை பெரும்பாலும் நீண்ட நாள் தாங்காது. முளைப்பை நோக்கி நகர்ந்த விதை, தூங்கும் விதையைவிடச் சீக்கிரம் மூப்படையும். அன்றே விதைப்பதானால் மேலீரம் போகும் வரை, கையில் ஒட்டாத அளவுக்கு உலர்த்தினால் போதும். வைத்திருப்பதானால் பழைய எடைக்கே திரும்ப வேண்டும்: ஊற வைக்கும் முன் 100 கிராம் இருந்தது, ஊறி 150 ஆனது என்றால், நிழலில், காற்றோட்டத்தில் 100-க்கு வரும் வரை. அவசரப்பட்டு வெயிலில் போட்டால் செய்த வேலையெல்லாம் கெடும். பிரைமிங் செய்த விதையை அடுத்த பருவத்துக்கு என்று யாரேனும் தந்தால், வாங்கும் முன் முளைப்புச் சோதனை கேளுங்கள்.

மானாவாரி விதைப்பில் இன்னொன்று. மழை பெய்து நின்றுபோனால், உலர்ந்த விதை மண்ணில் காத்துக்கிடக்கும். பிரைமிங் செய்த விதை அரைகுறை ஈரத்தில் புறப்பட்டு நடுவழியில் சாகும். ஈரம் உறுதியில்லாத நிலத்தில் விதையில் பாதியையாவது ஊற வைக்காமல் போடச் சொல்வேன்.

எந்தப் பயிருக்கு எது

அமுக்கரா: முதலில் நீர். போதாவிட்டால் மட்டும் பொட்டாசியம் நைட்ரேட் அல்லது ஜிப்ரெல்லிக் அமிலம். நாற்றழுகல் இருந்தால் நீரோடு நுண்ணுயிர்.

நிலவேம்பு: உறக்கம் கழிந்த விதையென்றால் நீர். புதிய விதையென்றால் காத்திருப்பு, அவசரமானால் ஜிப்ரெல்லிக் அமிலம்.

துளசி வகைகள், இசப்கோல்: ஈர மணல். புதிய நல்ல விதையென்றால் எதுவும் செய்யாமல் விதைப்பதும் தவறில்லை.

நிலாவாரை: உரசல், பிறகு நீர்.

நித்தியகல்யாணி: நீர், குறுகிய நேரம். இருட்டில் நன்றாக முளைக்கும் விதை இது, பாத்தியில் மெல்லிதாக மூடி விடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் முழுக் குவியலையும் ஒரே நாளில் நனைக்காதீர்கள். நூறு நூறாக நான்கு தட்டு, மொத்தம் நானூறு விதை பிரைமிங் செய்தது, இன்னொரு நானூறு செய்யாதது. விதை குறைவென்றால் ஐம்பது ஐம்பதாக. தினமும் ஒரே நேரத்தில் முளைத்தவற்றை எண்ணி எழுதுங்கள். கடைசி எண்ணிக்கையோடு, அதில் பாதி எந்த நாளில் வந்தது என்பதையும் குறியுங்கள். ஊறாத தட்டில் பாதி முளைக்க ஒன்பது நாள், ஊறியதில் ஐந்து நாள், மொத்த எண்ணிக்கை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று என்றால் பிரைமிங் வேலை செய்திருக்கிறது. ஊறியதில் மொத்தமே குறைந்திருந்தால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். நேரத்தைக் குறைத்து மறுபடி ஒரு தட்டு வையுங்கள்.